திங்கள்தோறும் ஒரு செய்தி

நுழையுமுன்

காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். மருத்துவர் நாடியை எண்ணிப் பார்க்கிறார். பெண்களின் மாதவிடாய்ச் சுழற்சியும் நாடியைப் போலவே உடல்நலத்தை அறிவிக்கும் ஓர் அடையாளம் என்பது இன்றைய மருத்துவர்களின் கருத்து. அந்த அடையாளத்தைப் படித்தறியும் முறையை விளக்குகிறது இக்கட்டுரை. மாணவியரும் மாணவரும் ஒருசேர அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

ஓதமும் சுழற்சியும்

தமிழில் ‘திங்கள்’ என்னும் சொல் நிலவையும் குறிக்கும், மாதத்தையும் குறிக்கும். ஒரு முழுநிலவு முதல் அடுத்த முழுநிலவு வரை ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள்கள் ஆகின்றன. நிலவைப் பார்த்து நாளை எண்ணிய மக்கள் மாதத்திற்கும் அப்பெயரையே இட்டு வழங்கினர். நடு அந்தமானை ஒட்டிய லாங் ஐலண்டு போன்ற தீவுகளில் வாழ்வோர்க்கு இந்தக் கணக்கு இன்றும் பயன்படுகிறது. முழுநிலவையும் அமாவாசையையும் ஒட்டிய நாள்களில் கடல் ஓதம் மிக உயர்ந்து ஏறும்; மிகத் தாழ்ந்து வற்றும். கடலில் தொழில் செய்வோர் இதை மனத்தில் வைத்தே படகை இறக்குகின்றனர்.

பெண்ணின் உடலிலும் ஏறத்தாழத் திங்களுக்கு ஒருமுறை ஓர் ஏற்றமும் ஒரு வற்றமும் நிகழ்கின்றன. ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. ஓதத்தை இயக்குவது வானத்து நிலவு. மாதவிடாய்ச் சுழற்சியை இயக்குபவை உடலுக்குள்ளே சுரக்கும் ஹார்மோன்கள். நிலவின் போக்கு எல்லோர்க்கும் பொது. ஆதலால் ஓத அட்டவணையை ஆண்டுத் தொடக்கத்திலேயே அச்சிட்டுத் தர முடிகிறது. ஹார்மோன்களின் போக்கு ஒவ்வொருவர் உடலிலும் தனித்தன்மை உடையது; ஆதலால் தனக்குரிய அட்டவணையை ஒவ்வொரு பெண்ணும் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஹார்மோன் என்னும் தூதர்

எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய உடலியல் அறிஞர் 1905ஆம் ஆண்டு இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவில் ‘ஹார்மோன்’ என்னும் சொல்லை முதன்முதலாக வழங்கினார். தூண்டிவிடுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. நாளமில்லாச் சுரப்பியில் சுரந்து, இரத்தத்தில் கலந்து, தொலைவில் உள்ள உறுப்பிற்குக் கட்டளை கொண்டுசெல்லும் வேதிப்பொருளே ஹார்மோன் ஆகும்.

மாதவிடாய்ச் சுழற்சியில் இத்தூதர்கள் பலர் பங்குகொள்கின்றனர். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் முதல் செய்தியை அனுப்புகிறது. அதைப் பெற்ற பிட்யூட்டரிச் சுரப்பி, சினைப்பையைத் தூண்டும் இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. சினைப்பையில் கருமுட்டை ஒன்று வளர்ந்து முதிர்கிறது. அப்போது சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்கிறது. கருமுட்டை வெளிவந்தபின் அது இருந்த இடம் மஞ்சள் நிறமுடைய சிறு சுரப்பியாக மாறிப் புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. கரு உருவாகாவிடில் சில நாள்களில் அச்சுரப்பி வாடிவிடும். இரு ஹார்மோன்களின் அளவும் வீழும். தாங்குவதற்கு ஹார்மோன் இல்லாத உட்சுவர் உதிர்ந்து, குருதியோடு வெளியேறும். அதுவே மாதவிடாய்.

ஜப்பானிய மருத்துவர் கியூசாக்கு ஓகினோ 1920களில் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். கருமுட்டை வெளிவருவது, அடுத்த மாதவிடாய் தொடங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன்னர் என்பதே அது. சுழற்சியின் பிற்பாதி பெரும்பாலும் அளவு மாறாதது. நீள்வதும் குறுகுவதும் முற்பாதியே. காய்ச்சலாலோ தேர்வு அச்சத்தாலோ நெடும்பயணத்தாலோ முற்பாதியில் கருமுட்டை முதிர்வது தள்ளிப்போனால் மாதவிடாயும் தள்ளிப்போகும். ஒரு மாதம் நாள் தவறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

எர்னஸ்ட் நோபில் என்னும் அமெரிக்க அறிஞரின் குழு குரங்குகளிடம் நடத்திய ஆய்வு 1978இல் வெளிவந்தது. ஹைப்போதலாமஸ் அனுப்பும் ஹார்மோனை இடைவிடாது செலுத்தியபோது பிட்யூட்டரியின் சுரப்பு குன்றியது. அதே ஹார்மோனை மணிக்கு ஒருமுறை, விட்டுவிட்டுச் செலுத்தியபோது சுரப்பு மீண்டது. ஹார்மோனின் அளவைப் போலவே அதன் தாளமும் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கியது. உணவு, உறக்கம், மனநிலை, பிற சுரப்பிகளின் நலம் ஆகிய எவையும் அத்தாளத்தைக் குலைக்கக்கூடும். குலைந்த தாளம் முதலில் வெளிப்படும் இடங்களுள் ஒன்று மாதவிடாய்.

இயல்பின் எல்லை

மாற்றத்தை அறிய வேண்டுமாயின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்க மகப்பேறு, மகளிர்நல மருத்துவர் அமைப்பு 2015இல் வெளியிட்ட கருத்துரை, வளரிளம் பெண்களின் மாதவிடாய்ச் சுழற்சியை உடல்நல அடையாளமாகக் கொள்ளுமாறு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. அதில் தரப்பட்ட எல்லைகள் எளியவை.

ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்த மாதவிடாயின் முதல் நாள் வரை எண்ணுவதே சுழற்சியின் நீளம். வளரிளம் பெண்களுக்கு அது 21 முதல் 45 நாள்கள் வரை இருக்கலாம். குருதிப்போக்கு 7 நாள்களுக்குள் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு 3 முதல் 6 அணையாடைகள் தேவைப்படுவது இயல்பு.

‘சரியாக 28 நாளுக்கு ஒருமுறை வர வேண்டும்’ என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அது சராசரி கூறும் எண்; யாவர்க்கும் உரிய விதியன்று. பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகளில் மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான செய்திப் போக்குவரத்து முழுமையாக அமைந்திராது. ஒரு முறை 25 நாளிலும் மறுமுறை 40 நாளிலும் வருவது அக்காலத்தில் நோயின் அறிகுறி ஆகாது.

மாற்றங்கள் கூறுவன

எல்லையைத் தாண்டிய மாற்றம் தொடர்ந்து வந்தால் அதன் பொருளைத் தேட வேண்டும். அம்மாற்றம் நோய் இன்னதென்று தானே கூறிவிடாது. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைச் சுட்டும்.

முதலாவது, நீண்ட இடைவெளி. மாதவிடாய் ஆண்டுக்குச் சில முறையே வருகிறது, முகத்தில் முரட்டு முடி வளர்கிறது, பருக்கள் அடங்குவதில்லை. இவை சேர்ந்திருப்பின் மருத்துவர் பி.சி.ஓ.எஸ். என்னும் நிலையை எண்ணிப் பார்ப்பார். 1935இல் சிகாகோ நகர மருத்துவர்கள் ஸ்டீன், லெவென்தால் ஆகிய இருவரும் ஏழு பெண்களிடம் கண்ட இத்தகைய குறிகளைத் தொகுத்து எழுதினர். இன்று பத்துப் பெண்களில் ஒருவர் என்ற அளவில் இந்நிலை உலகெங்கும் காணப்படுகிறது. ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் எல்லாப் பெண்களிடமும் சிறிதளவு உண்டு; இந்நிலையில் அது மிகுகிறது. இன்சுலின் செவ்வனே செயற்படாமையும் பலரிடம் உடன் காணப்படுகிறது. ஆதலால் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடுகிறது. மக்கள் இதனை ‘நீர்க்கட்டி’ என்று வழங்குவர். அவை முதிராமல் நின்றுவிட்ட கருமுட்டைப் பைகளே. அச்சம் தரும் கட்டிகள் அல்ல. ஒரு மாதம் தள்ளிப்போனதைக் கொண்டு இந்நோய் என்று முடிவு செய்தலும் தவறு.

இரண்டாவது, தைராய்டின் குரல். கழுத்தின் முன்புறம் உள்ள இச்சுரப்பி குறைவாகச் சுரந்தால் குருதிப்போக்கு மிகலாம், சுழற்சி ஒழுங்கிழக்கலாம். சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், உடல் எடை கூடுதல் ஆகியன உடன் வரும். மிகையாகச் சுரந்தால் குருதிப்போக்கு குறையலாம், மாதவிடாய் அரிதாகலாம். நெஞ்சு படபடத்தலும் எடை குறைதலும் அதன் துணைக்குறிகள். எளிய இரத்தப் பரிசோதனையால் இதை அறியலாம், மருந்தால் சீராக்கலாம். தைராய்டு ஹார்மோன் உருவாக அயோடின் தேவை. ஆதலால் கடல் சூழ்ந்த ஊரில் வாழ்ந்தாலும் சமையலுக்கு அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துதல் நன்று.

மூன்றாவது, உணவின் குறை. இரண்டாம் உலகப் போரின்போது, 1944–45 குளிர்காலத்தில், நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் கடும் பஞ்சம் நிலவியது. அப்போது பெண்கள் பலருக்கு மாதவிடாய் நின்றது. உணவு கிடைத்தபின் மீண்டது. உண்ணும் உணவு, உடல் செலவிடும் ஆற்றலுக்குப் போதாவிடில் மூளை இனப்பெருக்கத்திற்கான செய்தியை அனுப்புவதை நிறுத்திவைக்கிறது. மெலிய வேண்டும் என்று காலை உணவைத் தொடர்ந்து விடும் மாணவிக்கும், உண்பதற்கு மேல் ஓடிப் பயிற்சி செய்யும் விளையாட்டு வீராங்கனைக்கும் இதுவே நிகழக்கூடும். மாதவிடாய் நின்றதை வசதி என்று எண்ணுதல் கூடாது. ஈஸ்ட்ரோஜன் எலும்பைக் காக்கும் ஹார்மோன். வாழ்நாள் முழுமைக்கும் உரிய எலும்பின் வலிமையில் பெரும்பகுதி வளரிளம் பருவத்தில்தான் சேர்கிறது. அப்போது இழந்ததைப் பிற்காலத்தில் முழுதும் ஈடுசெய்தல் அரிது.

நான்காவது, மிகுந்த குருதிப்போக்கு. ஓரிரு மணி நேரத்தில் ஓர் அணையாடை முழுதும் நனைதல், 7 நாள்களுக்கு மேலும் நில்லாமை ஆகியன இதன் அடையாளங்கள். கருமுட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரான் சுரப்பதில்லை; கருப்பையின் உட்சுவர் அளவின்றித் தடித்து, பின்பு மிகுதியாக உதிர்கிறது. ஹார்மோன் சார்ந்த காரணம் இது. ஆயினும் எல்லாக் காரணமும் ஹார்மோனில் இல்லை. பின்லாந்தைச் சேர்ந்த ஆலண்டு தீவுக்கூட்டத்தில் பெக்லே என்னும் சிறு தீவு உள்ளது. அங்கிருந்து வந்த ஐந்து வயதுச் சிறுமியையும் அவள் குடும்பத்தையும் எரிக் வான் வில்லிபிராண்டு என்னும் மருத்துவர் ஆராய்ந்து 1926இல் எழுதினார். குருதி உறைவதில் உள்ள பரம்பரைக் குறை அது. இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அச்சிறுமி பதின்மூன்று வயதில், தன் நான்காம் மாதவிடாயின்போது குருதிப்போக்கு நில்லாமல் இறந்தாள். அந்நோய்க்கு இன்று மருந்து உண்டு. பூப்பெய்திய நாள் தொட்டே குருதிப்போக்கு மிகுந்திருப்பின், பல் பிடுங்கிய இடத்திலும் சிறு காயத்திலும் குருதி எளிதில் நில்லாதிருப்பின், மருத்துவரிடம் அதை மறவாமல் சொல்ல வேண்டும்.

மிகுந்த குருதிப்போக்கு இரும்புச்சத்தைக் கரைத்துச் சோகைக்கு வழிவகுக்கும். 2019–21இல் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினர் சோகை உடையவர்கள். பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரை இதன்பொருட்டே. மாத்திரையோடு மீன், முருங்கைக்கீரை, பருப்பு ஆகியவற்றையும் உண்ண வேண்டும். எலுமிச்சை, நெல்லி போன்றவை இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். உணவோடு அருந்தும் தேநீர் அதைத் தடுக்கும்.

குறிப்பேடு என்னும் கருவி

லாங் ஐலண்டிலிருந்து ரங்கத் செல்ல எரட்டா படகுத்துறைக்குப் படகேற வேண்டும். முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில்தான் ஜி.பி. பந்த் மருத்துவமனை உள்ளது. கடல் கொந்தளித்தால் பயணம் தள்ளிப்போகும். அத்தகைய ஊரில் மருத்துவரைக் காணும் ஒவ்வொரு முறையும் அரியது. அவர் கேட்கும் முதற்கேள்வி, ‘கடைசியாக மாதவிடாய் வந்த நாள் எது?’ என்பதே. அதற்கு முந்திய நாள்களையும் கேட்பார். நினைவை நம்பிச் சொன்னால் பிழை நேரும். ஆறு மாதக் குறிப்பு கையில் இருப்பின் மருத்துவர் தெளிவாகச் சிந்திப்பார். தேவையற்ற பரிசோதனையும் இரண்டாம் பயணமும் குறையலாம்.

குறிப்பேட்டிற்குச் செலவில்லை. நாட்காட்டியின் ஓரம் போதும். தொடங்கிய நாள், முடிந்த நாள், நாளொன்றுக்கு மாற்றிய அணையாடைகளின் எண்ணிக்கை, வலியின் அளவு, அம்மாதத்தில் நேர்ந்த காய்ச்சல், பயணம், தேர்வு, உட்கொண்ட மருந்து ஆகியவற்றை எழுதினால் போதும்.

எடுத்துக்காட்டாக, ஒரு மாணவியின் குறிப்பில் சனவரி 4, பிப்ரவரி 6, மார்ச் 5, ஏப்ரல் 11 என நாள்கள் உள்ளன எனக் கொள்வோம். பிப்ரவரிக்கு 28 நாள் எனக் கொண்டால் இடைவெளிகள் 33, 27, 37 நாள்கள். அவை ஒன்றுபோல் இல்லை. ஆயினும் 21க்கும் 45க்கும் இடைப்பட்டன. கவலைக்கு இடமில்லை. ஏப்ரல் 11க்குப் பின் சூலை 15 வரை மாதவிடாய் வரவில்லை எனின் 95 நாள்கள் கடந்துவிட்டன. 90 நாள்களைத் தாண்டிய இடைவெளி ஒருமுறை நேர்ந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பதினைந்து வயது நிறைந்தும் பூப்பெய்தாமை, ஒழுங்காக வந்த சுழற்சி திடீரெனக் குலைதல், பள்ளிக்குச் செல்ல இயலாதவாறு மாதந்தோறும் வலித்தல், தலைசுற்றி மயங்குதல் ஆகியனவும் காட்டவேண்டியவையே. கருவுறுதலும் மாதவிடாய் நிற்பதற்கு ஒரு காரணம் என்பதால் மருத்துவர் அது பற்றியும் வினவக்கூடும்; அது அவர் கடமை. தாய்மார்க்கு 45 முதல் 55 வயதிற்குள் மாதவிடாய் இயல்பாக நிற்கும். நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் குருதி கண்டால், சிறிதளவாயினும், தாமதியாமல் காட்ட வேண்டும்.

கூச்சம் தரும் காலத்தாழ்வு

அறிகுறியை உடல் காலத்தில் காட்டிவிடுகிறது. அது மருத்துவரை அடையத்தான் காலம் தாழ்கிறது. காரணம் கூச்சம். ‘தூரம்’, ‘வீட்டுவிலக்கு’, ‘தீட்டு’ எனத் தமிழில் இதற்கு வழங்கும் பெயர்கள் பலவும் பெண்ணைத் தள்ளி நிறுத்துவனவாகவே உள்ளன. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் குறைந்த விலையில் அணையாடை செய்யும் எந்திரத்தை உருவாக்கினார். 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தம் முயற்சியில் அவர் எதிர்கொண்ட பெருந்தடைகளுள் ஒன்று, பெண்கள் இது பற்றிப் பேசவே தயங்கியது. அணையாடை இன்று கடைதோறும் கிடைக்கிறது. பேச்சு இன்னும் அவ்வளவு எளிதாகவில்லை.

‘மூன்று மாதமாக வரவில்லை’ என்று மகள் தாயிடம் சொல்லும்போது, ‘யாரிடமும் சொல்லாதே’ என்னும் மறுமொழி வருமாயின் நாள்கள் வீணாகும். ‘எப்போதிலிருந்து? எழுதி வைத்திருக்கிறாயா?’ என்று தாய் கேட்டால் மருத்துவத்தின் பாதி வேலை முடிந்துவிடும். படகுச்சீட்டு எடுத்துத் தரும் தந்தைக்கும், துறை வரை உடன்வரும் அண்ணனுக்கும் இச்செய்தி தெரிந்திருத்தல் நலம். தேசிய வளரிளம் பருவ நலத் திட்டம் 2014இல் தொடங்கப்பட்டது. அதன்படி அரசு மருத்துவமனைகளில் இப்பருவத்தினர்க்கெனத் தனி ஆலோசனை மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அங்குக் கூறுவன பிறர்க்கு வெளிப்படா. ஊரிலுள்ள செவிலியரிடமும் ஆஷா பணியாளரிடமும் முதலில் பேசலாம்.

ஓத அட்டவணையைப் பார்க்காமல் கடலில் இறங்குவோர் இல்லை. தன் உடலின் அட்டவணையைத் தானே எழுதிவரும் பெண், மாற்றம் நேரும்போது அஞ்சவும் மாட்டாள். அசட்டையாக இருக்கவும் மாட்டாள். எந்த நாளில் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதை அவளே அறிவாள்.

சொல்லும் பொருளும்

ஓதம் – கடல்நீர் ஏறுதலும் வற்றுதலும்
நாளமில்லாச் சுரப்பி – குழாய் இன்றி இரத்தத்தில் நேரே சுரக்கும் சுரப்பி
அணையாடை – மாதவிடாயின்போது பயன்படுத்தும் நாப்கின்
சோகை – இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்த நிலை
விடாய் – களைப்பு, தாகம்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: திங்கள்தோறும், பெருந்தடை, உட்சுவர், இன்றியமையாதது.
2. ‘திங்கள்’ என்னும் சொல்லை அதன் இரு பொருளிலும் அமைத்து இரண்டு தொடர்கள் எழுதுக.
3. ஓதத்தின் அட்டவணைக்கும் மாதவிடாயின் அட்டவணைக்கும் உள்ள வேறுபாடு யாது?
4. ஒரு மாதம் மாதவிடாய் தள்ளிப்போவதைக் கொண்டு நோய் என்று முடிவு செய்யலாகாது. ஏன்?
5. மாதவிடாய் நின்றதை வசதி என்று எண்ணும் தோழிக்குக் கூறும் அறிவுரையை ஐந்து தொடர்களில் எழுதுக.
6. ஒருவரின் குறிப்பில் ஆகஸ்டு 2, ஆகஸ்டு 30, அக்டோபர் 5 என நாள்கள் உள்ளன. இடைவெளிகளைக் கணக்கிட்டு, அவை இயல்பின் எல்லைக்குள் உள்ளனவா எனக் காண்க.
7. செயல்பாடு: மாணவியர் இன்று முதல் தமக்கெனக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்குக. அதனை வகுப்பில் காட்ட வேண்டியதில்லை. மாணவர், தம் வீட்டுப் பெண்கள் வாரம் முழுதும் உண்ணும் இரும்புச்சத்துள்ள உணவுகளைப் பட்டியலிடுக.